வாப்பா போட்ட கூரை

கேள்வி: எங்கள் வீடு மருதமுனையில் இருக்கிறது. 1978 சூறாவளி ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகு வாப்பா கடன்பட்டு அஸ்பெஸ்டோஸ் சீட் போட்டார். இன்றுவரை அதே கூரைதான். சுனாமித் தண்ணீர் முற்றம்வரை வந்து நின்றது, கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். ஊர் வழக்கப்படி இந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நாங்கள் பின்வளவில் இரண்டு அறை கட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறோம்.

மருமகனாக வரப்போகிறவர் சவூதியில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார். வட்ஸ்அப்பில் வீட்டுப் படத்தைப் பார்த்ததும் கோல் எடுத்து, “மாமி, அந்தக் கூரை புற்றுநோய் கொண்டுவரும் சாமான், முதலில் அதைக் கழற்றுங்கள்” என்றார். மேசனிடம் சொன்னால் சிரிக்கிறார். “நாப்பது வருசத்துக்கு மேல இதுக்குக் கீழதானே படுத்தெழும்புறீங்க, யாருக்கு என்ன வந்த ராத்தா? கழட்டுறண்டா ஒருநாள் வேலை. உடைச்ச துண்டப் புது அறைக்கு நிரவப் போட்டா மண் காசும் மிச்சம்” என்கிறார்.

அரசாங்கம் 2018இல் இந்தச் சீட்டைத் தடைசெய்ததாகப் பத்திரிகையில் படித்த ஞாபகம். ஆனால் கல்முனை ஹாட்வெயார் கடைகளில் அடுக்கி வைத்து விற்கிறார்களே? மழைக்காலத்தில் இந்தக் கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தாங்கியில் பிடித்துக் குடிக்கிறோம், அது கூடுமா? பெருநாளைக்குக் கதவு ஜன்னலைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கவும் இருக்கிறோம். அதிலும் நஞ்சு என்கிறார் மருமகன். யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகி, மருதமுனை

பதில்: சகோதரி,

மருமகன் சொல்வது சரி. மேசன் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் மருமகன் சொன்ன வேலையை மேசன் சொன்ன விதத்தில் செய்தீர்களானால், இத்தனை வருடம் உங்கள் வீட்டில் இல்லாத ஆபத்தை ஒரே நாளில் வரவழைத்துவிடுவீர்கள். அதனால் உளியும் சுத்தியலும் வீட்டுக்குள் வருமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். அஸ்பெஸ்டோஸுக்குப் பாடப்புத்தகத்தில் கல்நார் என்று பெயர். கல்லிலிருந்து உரித்தெடுக்கும் நார். நெசவூர்க்காரியான உங்களுக்கு நாரையும் நூலையும் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியடியில் வெயில் கீற்று விழும்போது அதில் மிதக்கும் பஞ்சுத் தூசியைப் பார்த்திருப்பீர்கள். கல்நாரும் அப்படித்தான் இழை இழையாகப் பிரியும். பிரிந்த இழை மறுபடியும் நீளவாக்கில் பிரியும். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியதாகும்வரை பிரிந்துகொண்டே போகும். அந்த நிலையில் அது வெயில் கீற்றிலும் தெரியாது. மூக்கில் உறைக்காது, தும்மலும் வராது. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்த் தைத்துக்கொள்ளும். அங்கே தைத்த கல்லை உடம்பால் எளிதில் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது.

இந்தக் கதை மருத்துவ ஏடுகளுக்குள் வந்ததும் ஒரு நெசவாலை ஊரிலிருந்துதான். இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற நகரத்தில் கல்நாரை நூலாகத் திரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர் நெல்லி கேர்ஷோ. 1924இல் இறந்தபோது அவருக்கு வயது 33. வில்லியம் குக் என்ற மருத்துவர் அவருடைய நுரையீரலைப் பரிசோதித்து, அதே ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் பிரித்தானிய அரசு கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் இயற்றியது. முழுத் தடை வந்தது 1999இல். தெரிந்துகொண்டதற்கும் நிறுத்தியதற்கும் இடையில் 75 வருடம். அரசாங்கங்கள் எந்த வேகத்தில் நடக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது.

இனி உங்கள் கூரைக்கு வருவோம். ஒரு கூரைச் சீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கல்நார், மீதியெல்லாம் சீமெந்து. நார் சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கிறது. அப்படிக் கிடக்கும்வரை அது உங்கள் மூச்சுக்குள் வராது. சீட்டைப் பார்த்தாலோ தொட்டாலோ அதன் கீழே படுத்தாலோ நோய் வந்துவிடும் என்பது வெறும் பீதி. மேசன் சொன்னதில் சரியான பாதி இதுதான். சீட்டை வெட்டினால், துளைத்தால், அரத்தால் தேய்த்தால், உடைத்தால், பாசி போகக் கம்பிப் பிரஷ் போட்டால், உடைந்த துண்டின்மேல் ஆட்கள் நடந்தால், அப்போதுதான் நார் சீமெந்தை விட்டு வெளியே வரும்.

“யாருக்கு என்ன வந்த?” என்ற மற்றப் பாதிதான் பிழை. இந்த நோய்கள் தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்து வருபவை. நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் இறுகிப்போகும் நோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். இருபத்தைந்து வயதில் சீட் வெட்டியவருக்கு அறுபது வயதில் மூச்சு வாங்கினால் அதைக் கூரையோடு முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. வைத்தியரும் சிகரட் பிடிப்பீர்களா என்று கேட்பாரே தவிர, கூரை வேலை செய்தீர்களா என்று கேட்பது அரிது. வேலைத்தளங்களில் கல்நாரைச் சுவாசித்ததால் உலகில் ஆண்டுக்கு 2 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கவனியுங்கள், வேலைத்தளங்களில். கூரைக்குக் கீழே படுத்தவரைவிடக் கூரைக்கு மேலே ஏறியவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஆகவே அந்தக் கேள்வியை மேசனிடமே அன்போடு திருப்பிக் கேளுங்கள்: இருபது முப்பது வருடம் சீட் வெட்டிய பழைய மேசன்மாருக்கு, ஓடாவிமாருக்கு என்ன வந்தது?

அவர் சிகரட் பிடிப்பவர் என்றால் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் கல்நாரைக் கொண்டு வெப்பக் காப்பு வேலை செய்த தொழிலாளர்களை இர்விங் செலிகோஃப் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் பல்லாண்டு பின்தொடர்ந்து பார்த்து, 1979இல் முடிவை வெளியிட்டார்கள். கல்நாரும் தொடாமல் சிகரட்டும் பிடிக்காமல் இருப்பவரோடு ஒப்பிட்டால், சிகரட் பிடிக்காத கல்நார்த் தொழிலாளிக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு 5 மடங்கு. கல்நார் தொடாமல் சிகரட் மட்டும் பிடிப்பவருக்கு 10 மடங்குக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். ஒன்றோடொன்று கூட்டினால் வரும் கணக்கல்ல இது, பெருக்கினால் வருவது.

நம் கரையோரத்தில் இந்தச் சீட் ஏன் இப்படி வேரூன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வாப்பாவைக் குறை சொல்வதாகிவிடும். கிடுகுக் கூரையை வருடத்துக்கு வருடம் மாற்ற வேண்டும். ஓட்டுக்கு நல்ல மரமும் அதிகமான சலாகையும் வேண்டும். தகரத்தைக் கடற்காற்றின் உப்பு சில வருடத்தில் தின்றுவிடும். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளிக்குப் பிறகு கையில் காசில்லாத ஒரு தகப்பன், துருப்பிடிக்காத, பாரமில்லாத, மலிவான ஒரு கூரையைத் தேடினால் கடைக்காரர் வேறு எதைக் காட்டியிருப்பார்? மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தகப்பன் மூச்சு விடுவான் என்பது நம் ஊர் வழக்கம். இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு மூன்று கூரைக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குத்தான் சீட்டை வாங்கியது.

இப்போது உங்கள் அரசாங்கக் கேள்வி. உங்கள் ஞாபகம் பிழையல்ல. கல்நாரில் மிகக் கொடியதாகக் கருதப்படும் நீலக் கல்நாரை இலங்கை முன்பே தடைசெய்துவிட்டது. நம் கூரைச் சீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார், கிரிசோடைல் என்பார்கள். அதிகமாக ரஷ்யாவிலிருந்து வருகிறது. வெள்ளை பாதகமில்லை, முறையாகக் கையாண்டால் போதும் என்பது அதை விற்பவர்களின் வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை ஏற்கவில்லை. வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்த காலத்தில், 2018 ஜனவரி 1 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024 அளவில் முற்றாகக் கைவிடுவது என்று முடிவெடுத்தார்கள். பத்திரிகையில் நீங்கள் படித்தது அதுதான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2017 டிசம்பரில், தடைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு என்ற தானிய வண்டைக் கண்டதாக ரஷ்யா அறிவித்தது. டிசம்பர் 18 முதல் இலங்கையிலிருந்து தேயிலை உட்பட எந்த விவசாயப் பொருளும் வரக்கூடாது என்றது. நம் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. கொழும்பு பதறிப்போனது. அமைச்சரவை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. மாதம் முடியுமுன் ரஷ்யாவும் தேயிலைத் தடையை எடுத்துவிட்டது. இது அதற்குப் பதில் என்று யாரும் கையெழுத்து வைத்துக் கொடுத்த கடதாசி எதையும் நான் பார்த்ததில்லை. திகதிகளை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது உங்களுக்கும் தோன்றும். நாம் காலையில் குடிக்கும் பிளேன்டிக்கும் தலைக்கு மேல் கிடக்கும் கூரைக்கும் இப்படி ஒரு சம்பந்தம். தேயிலைச் செடியே முளைக்காத அம்பாறைக் கரையோரத்தின் கூரையைத் தேயிலைச் சந்தை முடிவுசெய்தது.

ஆக, தடைசெய்த சாமானை ஒளித்து விற்கவில்லை. தடையே நடைமுறைக்கு வராமல் நின்றுவிட்டது. கல்முனைக் கடைக்காரர் மீது குற்றமில்லை.

உலக மட்டத்திலும் இதே இழுபறிதான். ஆபத்தான இரசாயனங்களின் வர்த்தகத்துக்கு ரொட்டர்டாம் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. அதன் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்ப்பது அதைத் தடைசெய்வதாகாது. இது இன்ன ஆபத்து உள்ள பொருள் என்று அறிந்து, வாங்கும் நாடு முன்கூட்டிச் சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் வெள்ளைக் கல்நாரைச் சேர்க்கும் யோசனை 2006 முதல் மாநாட்டுக்கு மாநாடு வருகிறது, தோற்கிறது. எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, விற்கும் நாடுகள் சில எழுந்து மறுத்துவிடும். 2011இல் அப்படி மறுத்த நாடு கனடா. அந்த நாட்டில் அஸ்பெஸ்டோஸ் என்ற பெயரிலேயே ஒரு சுரங்க நகரம் இருந்தது. பிறகு சுரங்கம் மூடியது, 2018 கடைசியில் கனடாவே கல்நாரைத் தடைசெய்தது, 2020இல் அந்த ஊர் வாக்கெடுத்துத் தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாரைத் தடைசெய்ததே 2024 மார்ச்சில்தான். மருமகன் வேலை செய்யும் சவூதியும் தடைசெய்த நாடுகளில் ஒன்று. அவர் பயப்படுவதில் வியப்பில்லை. அவர் பழகிய வேலைத்தளத்தில் இந்தச் சீட்டைக் கண்டால் வேலையையே நிறுத்திவிடுவார்கள்.

பக்கத்து நாட்டையும் சொல்லிவிடுகிறேன். இந்தியா இன்றும் ஏராளமாக இறக்குமதி செய்கிறது. ஆனால் 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கல்நார் ஆலைகள் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவை 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோய் எவ்வளவு பொறுத்து வரும் என்று உணர்ந்து எழுதிய தீர்ப்பு. ஆனால் அது ஆலைக்குள் இருப்பவருக்குத்தான். கூரையில் ஏறும் நாட்கூலி மேசனுக்குப் பதிவும் இல்லை, பதிவேடும் இல்லை.

எனக்குள்ள மனக்குறை இதுதான். தடை வரும், வராது என்று துறைமுகத்திலேயே எல்லோரும் பேசிக்கொண்டு நின்றார்கள். நாளைக்கே இறக்குமதி நின்றாலும் ஏற்கெனவே கூரையில் கிடக்கும் சீட் அங்கேயேதான் கிடக்கும். அதை யார், எப்படிக் கழற்றுவது, எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதுதான் அடுத்த முப்பது வருடத்துப் பிரச்சினை. சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. வந்து டெங்கு நுளம்புக்காகப் பீலியை எட்டிப் பார்க்கிறார். பீலிக்கு மேலே கிரைண்டர் வைத்துச் சீட் வெட்டினால் அதை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. சுனாமி இடிபாட்டை அள்ளியபோதும் நொறுங்கிய சீட்டைக் கல்லோடும் மண்ணோடும் சேர்த்து வெறுங்கையால்தானே அள்ளினோம்!

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் கூரையை ஏறாமல் பாருங்கள். பழைய சீட்டில் ஏறினால் உடைந்து ஆள் கீழே விழும், புற்றுநோய்க்கு நாற்பது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஏணியில் நின்று ஓரத்தைப் பாருங்கள். சீட்டின் முகம் கெட்டியாக, வெடிப்பில்லாமல் இருந்தால் அவசரமில்லை. ஓரத்தில் பூனைமுடி போல நார் தெரிந்தால், விரல் பட்டால் மா போல உதிர்ந்தால், அதன் காலம் முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் கடற்காற்றில் கிடந்த சீட் என்பதால் மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதுவரை கம்பிப் பிரஷோ, பவர் வோஷோ, பாசி நீக்குகிறோம் என்று வருபவர்களோ கூரைப்பக்கம் வரவேண்டாம். சோலார் பூட்ட வருபவரும் இந்தச் சீட்டில் துளை போடக்கூடாது. உள்ளே சீலிங்குக்குத் தட்டையான பழைய சீட் அடித்திருந்தால் அதுவும் இதே சாமான்தான், ஆணி அடித்து ஃபேன் மாட்டாதீர்கள்.

கழற்றும் நாளில் தண்ணீர்தான் உங்கள் காவல். காய்ந்த சீட் தூசியாகும், நனைந்த சீட் சேறாகும், சேற்றை யாரும் சுவாசிப்பதில்லை. கோப்பை கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்த தண்ணீரைத் தோட்டக் குழாயில் மெதுவாகத் தூவி, இரண்டு பக்கமும் நன்றாக நனையவிட வேண்டும். பாய்ச்சி அடிக்கக்கூடாது. கொக்கி ஆணியின் நட்டைச் சாவியால் கழற்ற வேண்டும். துருப்பிடித்துக் கழலாவிட்டால் ஆணியை வெட்டலாம், சீட்டை வெட்டக்கூடாது. கழற்றிய சீட்டை மேலிருந்து எறியாமல் இரண்டு பேர் பிடித்து முழுதாக இறக்க வேண்டும். காற்றடிக்கும் பின்நேரம் வேண்டாம், காலையிலேயே தொடங்குங்கள். வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, நிலத்தில் பொலித்தீன் விரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அன்றைக்குச் சாச்சி வீட்டுக்கு அனுப்புங்கள். ஆஸ்பத்திரிகளில் கட்டும் நீல மாஸ்க் இதற்குச் சரிப்படாது, கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பெயர் தெரிந்த என்95 ஆவது வேண்டும், முகத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தாடி உள்ளவருக்கு அது சரியாக ஒட்டாது, அதனால் அவர் கீழே நின்று தண்ணீர் தூவட்டும்.

வேலை முடிந்ததும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துப் பொலித்தீனில் கட்டுங்கள். வேலையாட்களின் உடுப்பை உதறாமல் நனைத்துத் தனியாகக் கழுவ வேண்டும். இது வெறும் சம்பிரதாயமல்ல. கல்நார் ஆலை வாசலை மிதிக்காமல், கணவரின் வேலை உடுப்பை உதறித் துவைத்தே மீசோதீலியோமா வந்த மனைவிமார் பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

உடைத்து நிரவும் யோசனையை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். இந்தக் கூரையை ஒழிப்பதற்கு இதைவிடக் கெட்ட வழியை யோசித்தாலும் கிடைக்காது. உடைக்கும்போது தூசி உங்களுக்கு. பத்து வருடம் கழித்து மகள் மலசலகூடக் குழி தோண்டும்போது அதே தூசி அவளுக்கு. கரைவாகுப் பக்கம் காணி நிரவக் கொண்டுபோகிறோம் என்று யாராவது லோட் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஆட்டுக்கொட்டிலுக்கு அளவாக வெட்டிக்கொள்கிறோம் என்பவருக்கும் அதே பதில்தான். முழுச் சீட்டுகளை நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி, டேப் ஒட்டி, “அஸ்பெஸ்டோஸ், உடைக்காதீர்” என்று எழுதி வளவின் ஓரத்தில் அடுக்குங்கள். எத்தனை சீட் என்று குறிப்பிட்டு, இதைப் பொறுப்பெடுக்க என்ன ஏற்பாடு என்று கேட்டு கல்முனை மாநகர சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். உடனே லொறி வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சாதாரணக் குப்பையோடு ஏற்றினால், யானைகள் வந்து பொலித்தீன் தின்னும் பள்ளக்காட்டுக் குப்பைமேடு மாதிரி ஒரு திறந்தவெளியில் போய் நொறுங்கும். நூறு வீட்டிலிருந்து நூறு கடிதம் போனால் சபைக்கும் ஒரு குழி தோண்ட வேண்டியிருக்கிறது என்று விளங்கும்.

தாங்கித் தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். கல்நார் கெடுதல் செய்வது மூச்சு வழியாக. குடிதண்ணீர் வழியாக உள்ளே போவது நோய் தரும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்காததால், குடிதண்ணீரில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு எதையும் வைக்கவில்லை. இருந்தாலும் உதிரத் தொடங்கிய பழைய கூரையின் தண்ணீரைக் குடிக்காமல் கழுவல் துடைப்புக்கு வைத்துக்கொள்வதே என் விருப்பம். பறவை எச்சத்துக்காகவாவது முதல் மழையைத் தாங்கிக்கு வெளியே விடுங்கள். தாங்கியின் அடிச்சேற்றைக் காயவிட்டுச் சுரண்டாமல் ஈரத்தோடு அள்ளுங்கள்.

பெயின்ட்டில் மருமகன் சொன்ன நஞ்சு ஈயம். நிறம் பளிச்சென்று நிற்கவும் கெதியாகக் காயவும் எனமல் பெயின்ட்டில் ஈயக் கூட்டுப்பொருட்களைச் சேர்ப்பார்கள், அதிகமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றே இல்லை. இந்த விசயத்தில் நம் நாட்டுச் சட்டம் கூரையைப் போலப் பின்வாங்கவில்லை. சுற்றாடல் அமைப்பொன்று உச்ச நீதிமன்றம் போனது, 2011இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வர்த்தமானியில் பணிப்புரை வெளியிட்டது, 2013 ஜனவரி 1 முதல் பெயின்ட்டில் ஈயத்துக்கு உச்ச அளவு நடைமுறைக்கு வந்தது. ஈயத்தைக் காக்க எந்த நாடும் தேயிலையை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புதுப் பெயின்ட் வாங்கும்போது பேணியில் ஈய அளவைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பில்லை எடுங்கள், சந்தேகமென்றால் 1977க்கு அடித்து முறையிடலாம். ஆபத்து பழைய பெயின்ட்டில். வாப்பா காலத்துக் கதவையும் ஜன்னலையும் காய்ந்த அரத்தாளால் தேய்க்காதீர்கள், தீ வைத்து உரிக்கவும் வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாள் இருக்கிறது, அதைப் பாவித்துச் சேற்றைத் துடைத்தெடுங்கள். பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் தேய்க்காமலே மேலே அடிக்கலாம். வீட்டில் கர்ப்பிணிகளோ தவழும் பிள்ளைகளோ இருந்தால் அந்த வேலை முடியும்வரை அவர்கள் அங்கே இருக்க வேண்டாம்.

புதுக் கூரைக்கு என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் போகிறீர்கள். கையில் தாராளமாக இருந்தால் ஓடு, அந்தக் குளிர்ச்சிக்கு ஈடில்லை. இல்லாவிட்டால் அலுமினியமும் துத்தநாகமும் பூசிய தகடு, கடையில் அமானோ சீட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பழைய தகரத்தைவிட உப்புக்காற்றைத் தாங்கும். கடலுக்கு இவ்வளவு கிட்ட என்றால் தடிப்பமானதாக, நிறம் பூசியதாக வாங்குங்கள், ஆணியும் துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும். மழைக்குச் சத்தம் போடும், வெயிலுக்குச் சுடும், அடியில் வெப்பம் தடுக்கும் தாள் விரித்தால் இரண்டும் குறையும். கல்நார் இல்லாத நார்ச் சீமெந்துச் சீட்டும் இருக்கிறது. ஆனால் “இதில் அஸ்பெஸ்டோஸ் இல்ல” என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கல்யாணத் திகதியை நீங்கள் எழுதவில்லை. மாரி தொடங்குமுன் என்றால் இந்தக் கூரையின் கீழேயே கல்யாணம் நடக்கட்டும், ஒன்றும் ஆகாது. பந்தல்காரர் கம்பைச் சீட்டில் குத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை விட்டு, மாசி பங்குனியில் மருமகன் லீவில் வரும்போது அவரையே பக்கத்தில் நிற்கவைத்துக் கழற்றுங்கள். அவர் படித்த வேலை அது. மேசனுக்கு ஒருநாள் வேலை மூன்று நாளாகும், அந்தக் கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கிரைண்டரை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.